டாக்டரை எழுப்புகிறவள்

இருபத்திரண்டு ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் கேஷுவாலிட்டியில் கழிந்தது. அதனாலேயே ஆஸ்பத்திரித் தொடர்கள் எனக்கு ஆகாது. வீட்டுக்கு வந்தும் அதே ஸ்ட்ரெச்சர், அதே கூச்சலா? மகள்தான் பிடிவாதமாக உட்காரவைத்து ‘ஈஆர்’ தொடரின் முதல் பகுதியைப் போட்டாள். 1994 செப்டம்பரில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 2009 ஏப்ரல் வரை 331 பகுதிகள் ஓடிய தொடர். சிகாகோவில் கவுன்டி ஜெனரல் என்ற கற்பனை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கதை நடக்கிறது.

தொடங்கியதுமே நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருட்டறையில் டாக்டர் மார்க் கிரீன் தூங்குகிறார். ஒரு நர்ஸ் வந்து எழுப்புகிறாள். வந்திருப்பது டாக்டர் ராஸ் என்கிறாள். கூட வேலை பார்க்கும் டாக்டரே குடித்துவிட்டு வந்து நிற்கிறார். கிரீன் எழுந்து போகிறார், கதையும் அவர் பின்னாலேயே போய்விடுகிறது.

எனக்கோ அந்த நர்ஸை விட்டு நகர மனமில்லை. அவள் பெயர் லிடியா ரைட். நடித்தவர் எல்லன் கிராஃபோர்ட். அவளுக்கென்று பெரிய கதை எதுவும் எழுதவில்லை. பிறகு அல் கிரபார்ஸ்கி என்ற போலீஸ்காரரை மணக்கிறாள்; அந்த வேடத்தில் வந்த மைக் ஜெனோவீஸ், கிராஃபோர்டின் நிஜக் கணவர். கேஷுவாலிட்டி நர்ஸுக்கும் போலீஸ்காரருக்கும் பழக்கம் ஏற்படுவதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ராத்திரி ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் எழுதும் மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து எத்தனை டீ குடித்திருப்போம்!

தொடரில் எரிச்சலூட்டியவையும் உண்டு. ஒரே நோயாளியைச் சுற்றி ஐந்து டாக்டர்கள். நாங்கள் செய்கிற பாதி வேலையை அவர்களே செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எழுப்பும் காட்சியை யாரோ விஷயம் தெரிந்தவர் எழுதியிருக்கிறார். தொடரை உருவாக்கிய மைக்கேல் கிரைட்டன் மருத்துவம் படித்தவர் என்று மகள் சொன்னாள். இருக்கும்.

டாக்டரை எழுப்புவது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வேலை. எழுப்பினால், ‘இதற்கா எழுப்பினீர்கள், சிஸ்டர்?’ எழுப்பாவிட்டால், ‘ஏன் சொல்லவில்லை, சிஸ்டர்?’ இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் எங்கள் ராத்திரிகள் கழிந்தன. கேஸ் ஷீட்டில் ‘டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று நேரத்தோடு எழுதிவிட்டால் நாங்கள் தப்பித்தோம். நோயாளி தப்பித்தாரா என்பது வேறு கணக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த பையன் ஒருவன் அப்சர்வேஷனில் இருந்தான். முழங்கையில் சிராய்ப்பு, விலாவில் கொஞ்சம் வலி. ‘பரவாயில்லை, அக்கா’ என்று சிரித்தான். இரண்டு மணிக்கு நாடி 92. இரண்டு இருபதுக்கு 104. பி.பி. மட்டும் 110-லேயே நின்றது. உள்ளே ரத்தம் கசியும்போது நாடிதான் முதலில் ஓடும், பி.பி. கடைசியாகத்தான் சரியும், படித்ததுதான், தெரிந்ததுதான். ஆனால் முந்தின ராத்திரி, ஒரு காய்ச்சலுக்காக எழுப்பியதற்கு அதே டாக்டரிடம் வாங்கிய திட்டு காதிலேயே இருந்தது. இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று நின்றேன். இரண்டு நாற்பதுக்கு 118. நெற்றி வியர்த்து ஜில்லென்றிருந்தது. வயிற்றில் கை வைத்தேன். பலகை மாதிரி இருந்தது. அப்போதுதான் ஓடினேன்.

தியேட்டருக்குக் கொண்டுபோய் மண்ணீரலை எடுத்தார்கள். பையன் பிழைத்தான். காலையில் டாக்டர் வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டினார். நான் எழுதியிருந்த மூன்று நேரங்களிலும் விரலை வைத்து, ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வாசலில் நின்று ‘சார், ஒரு சின்ன டவுட்’ என்று இழுத்ததில்லை. முதலில் விளக்கைப் போடுவேன். பிறகு எண்ணைச் சொல்வேன்: ‘சார், நாடி 118, வயிறு இறுகியிருக்கிறது.’ தூக்கத்தில் இருப்பவருக்குப் பெயர் ஏறாது, எண் ஏறும்.

லிடியா நடுவில் தொடரிலிருந்து காணாமல் போய்விடுகிறாள். ஆனால் பதினைந்து வருடக் கதையின் கடைசிப் பகுதி தொடங்குவதும் அவளை வைத்துத்தான். அதே மாதிரி இருட்டறை; இந்த முறை அவள் எழுப்புவது டாக்டர் ஆர்ச்சி மாரிஸை. கிரீன் கதையில் எப்போதோ இறந்துவிட்டார். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், எழுப்ப அவள் வந்துவிடுகிறாள். மகள் அது முதல் காட்சிக்குச் செய்த மரியாதை என்றாள். எனக்கு அது டியூட்டி லிஸ்ட் மாதிரி இருந்தது.

ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், ராத்திரி மூன்று மணி இருக்கும், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி டாக்டர் அறை வாசலில் நின்று மெல்லிய குரலில் ‘சார்… சார்…’ என்றுகொண்டிருந்தாள். எழுந்து போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேட ஆரம்பித்தாள்.