23,000 ரூபாய் கூடக் கொடுத்து மாட்டிய சோலார்

குளச்சல் கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே எங்கள் வீடு. அவர் சவுதியில் இருக்கிறார். இங்கே நான், மாமி, இரண்டு பிள்ளைகள். போன கோடையில் இரண்டு மாதக் கணக்கு 640 யூனிட் வந்துவிட்டது. 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும். பில் மூவாயிரத்துக்கு மேல். சோலார் மாட்டிவிடுவோம் என்று அவர் போனில் சொன்னார். விசாரித்து ஆளைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதற்குமேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அதே தொகைதான். அது பின்னால் நம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே, "மானியம் போக இவ்வளவுதான் மேடம்" என்று யாராவது விலை சொன்னால், கையிலிருந்து முதலில் எவ்வளவு இறக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். எங்கள் கரண்ட் இணைப்பு காலமான மாமனார் பெயரிலேயே கிடந்தது. பெயர் மாற்றத்தை முதலில் முடித்தேன்.

மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கினேன். 3 கிலோவாட்டுக்கு 1,67,000, 1,90,000, 2,20,000. மூன்றாவதை அன்றைக்கே விட்டுவிட்டேன். முதல் இரண்டுக்கும் நடுவேதான் இரண்டு வாரம் தடுமாறினேன். 23,000 ரூபாய் எங்கள் வீட்டில் சின்னப் பணம் இல்லை.

குறைந்த விலைக்காரர் கீழே முற்றத்தில் நின்றபடியே அளவு சொன்னார். "சார் எப்ப வருவாங்க? சார்கிட்டயே பேசிக்கிறேன்" என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் விலையை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். "சோலார் வந்தா கரண்டே போகாது மேடம்" என்றார்.

இரண்டாமவர் வந்ததும் மொட்டைமாடிக்கு வழி கேட்டார். மேலே ஏறி, தென்மேற்கு மூலையில் நிற்கும் தென்னையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அக்கா, மூணு மணிக்கு மேல இந்த நிழல் எங்க விழும்?" என்றார். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அதோடு வரிசையாகச் சேர்த்த மற்ற பேனல்களின் கரண்டும் குறையும் என்று விளக்கினார். மாமி கீழேயிருந்தே, "தெங்கை வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன்" என்று சத்தம் போட்டார். "வெட்டவே வேண்டாம் பாட்டி, கிழக்கே தள்ளி வெச்சுக்கலாம்" என்று சொல்லி, சாக்பீஸால் தரையிலேயே 6 பேனலுக்கும் கோடு போட்டுக் காட்டினார்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று இவரிடமும் கேட்டேன். பேட்டரி இல்லாத சோலார் என்றால், லைனில் கரண்ட் போனதும், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடுமாம். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 2017இல் ஒக்கிப் புயல் அடித்தபோது நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்கள் நாங்கள். இந்த உண்மையை முன்கூட்டியே சொன்னவரை நம்பலாம் என்று அப்போதே மனதில் பட்டது.

பையிலிருந்து இரண்டு போல்ட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று சாதாரண இரும்பு. கடலோர வீடு ஒன்றிலிருந்து கழற்றியதாம். மரை இருந்த இடமே தெரியாமல் துரு பொரிந்து, தொட்டாலே கையில் செம்மண் போல ஒட்டியது. மற்றது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எங்கள் ஜன்னல் கம்பிக்கு வருடாவருடம் பெயின்ட் அடிப்பது நான்தான். உப்புக்காற்று என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருந்தது: துத்தநாகப் பூச்சுக் கம்பி, நல்ல போல்ட், தனித்தனி எர்த், இடிதாங்கி.

அப்புறமும் முடிவு எடுக்கவில்லை. மாட்டி இரண்டு வருடமான மூன்று வீடுகளின் நம்பர் வேண்டும் என்று இருவரிடமும் கேட்டேன். புது வீடுகளைக் கேட்டுப் பயனில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டியிருக்க வேண்டும். குறைந்த விலைக்காரர் ஒரே ஒரு நம்பர் கொடுத்தார். அந்த அண்ணன், "மானியம் வர்ற வரைக்கும் நல்லா பேசினாங்க, இப்ப போன் எடுக்கிறதில்லை" என்றார். இரண்டாமவர் கொடுத்த நம்பரில் இரணியல் பக்கத்து அக்கா ஒருவர் பேசினார். "ஜூன் மழையில நின்னு போச்சு, மறுநாள் ஆள் வந்துட்டான்" என்றார். எனக்கு அது போதும்.

பேரம் பேசினேன், விலை குறையவில்லை. பதிலாக ஐந்து வருடம் கூலி இல்லாமல் பழுது பார்ப்பதாகவும், புகார் சொன்ன இரண்டு நாளுக்குள் ஆள் வருவதாகவும் கையெழுத்துப் போட்டுத் தாளில் எழுதி வாங்கினேன். பேனலுக்கு 25 வருட வாரண்டி என்பார்கள். பேனல் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை, தொல்லை வருவது இன்வெர்ட்டரிலும் ஒயரிங்கிலும்தான். அதற்கு யார் வருவார் என்பதைக் கேட்க வேண்டும். நாம் எடுக்கும் கரண்டையும் வெளியே அனுப்பும் கரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடும் நெட் மீட்டரை மாட்டிய பிறகே கடைசி 15,000 ரூபாயைக் கொடுப்பேன் என்றேன். சம்மதித்தார்.

வேலை இரண்டு நாளில் முடிந்தது. மீட்டர் வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை சுவிட்சைப் போடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெளியே போகும் கரண்டையும் நாம் செலவழித்ததாகப் பழைய மீட்டர் கணக்கில் சேர்த்துவிடக்கூடுமாம். பேனலைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வயிறு எரிந்தது, ஆனாலும் பொறுத்தோம்.

ஐப்பசி மழையில் ஒரு காலை இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. போன் செய்தேன். மறுநாள் பத்து மணிக்குப் பையன் ஒருவன் வந்தான். பேனலுக்கு அடியில் ஒரு ஒயர் தொங்கி, தரையில் தேங்கிய தண்ணீரைத் தொட்டு, கனெக்டருக்குள் ஈரம் இறங்கியிருந்தது. மாட்டியவர்கள் விட்ட பிழைதான், அவனே ஒத்துக்கொண்டான். புது கனெக்டர் போட்டு, எல்லா ஒயரையும் சட்டத்தோடு இழுத்துக் கட்டினான். நானும் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டதற்கு, "தாள்ல எழுதியிருக்குல்லா அக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.