ஒரு பை ரத்தத்துக்கு இரண்டு நடை: இர்ரேடியேஷன் (கதிர்வீச்சு) ஸ்டிக்கரைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

தங்கைக்கு ரத்தப் புற்றுநோய். ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) மாற்று சிகிச்சைக்கு என் எச்.எல்.ஏ., அதாவது உடம்பு தன் செல் எது, அந்நியச் செல் எது என்று பிரித்தறியும் அடையாளம், முழுதாகப் பொருந்தியது. அட்மிஷன், கீமோ எல்லாம் பெரிய சிக்கலில்லாமல் முடிந்தன. எங்களை அலைக்கழித்தது ஒரே ஒரு பை சிவப்பணுதான்.

ஹீமோகுளோபின் இறங்கிய அன்று, "என் ரத்தத்தையே எடுத்துக்கோங்க, ஒரே குரூப்தானே" என்று போய் நின்றேன். வேண்டாம் என்றார்கள். கூடப்பிறந்தவன் ரத்தம் ஆகாதா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஏற்றுகிற ரத்தத்தோடு கொடுத்தவரின் டி லிம்போசைட்டுகளும் (எதிர்ப்புச் சக்தி தரும் ஒரு வகை வெள்ளையணு) உயிரோடு உள்ளே போகும். வழக்கமாக உடம்பு அவற்றை அழித்துவிடும். ஆனால் எதிர்ப்புச் சக்தி விழுந்துபோனவருக்கு, அதிலும் நெருங்கிய சொந்தத்தின் செல்கள் என்றால், உடம்பு அவற்றை அந்நியமாகக் கண்டுகொள்ளாது. அவை பெருகித் தோல், குடல், ஈரல், மஜ்ஜை என்று தாக்கும். அப்படி வந்துவிட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லையாம். மாற்று சிகிச்சைக்கு முன்பே என் ரத்தம் ஏறினால், பின்னால் என் ஸ்டெம் செல்லையே அவள் உடம்பு நிராகரிக்கலாம் என்பது இன்னொரு காரணம்.

அதனால் வெளியார் ரத்தம், அதுவும் 25 கிரே கதிர்வீச்சு கொடுத்தது. அந்த அளவில் லிம்போசைட் உடனே செத்துவிடுவதில்லை. டி.என்.ஏ. உடைந்துவிடுவதால், இன்டர்லூக்கின்-2 போன்ற சமிக்ஞைப் புரதம் வந்து பெருகச் சொன்னாலும் அதனால் பிரிந்து பெருக முடியாது. சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, அது பாட்டுக்கு வேலை செய்யும்.

இவ்வளவும் தெரிந்தும் ஏமாந்தேன். கோரிக்கைப் படிவத்தில் 'இர்ரேடியேட்டட்' என்ற கட்டத்தில் டிக் இல்லை, நானும் பார்க்கவில்லை. ரத்த வங்கியில் கேட்டதற்கு, "வெள்ளையணுவை ஃபில்டர் பண்ணின பைதான் சார், அதுவே போதும்" என்று கொடுத்து அனுப்பினார்கள். ராத்திரி மழையில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர்ந்தால், வார்டு சிஸ்டர் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஸ்டிக்கரே இல்லையே, இதை ஏத்த முடியாது" என்றார். திரும்பிப் போனால் கதிர்வீச்சு மெஷின் ஆபரேட்டர் வீட்டுக்குப் போய்விட்டார், காலையில்தான் வருவாராம். அன்று ராத்திரி முழுக்க அவள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்ததை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை. அந்தச் சிஸ்டருக்குத்தான் எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். ஃபில்டர் வேறு, கதிர்வீச்சு வேறு, ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. படிவத்தை வார்டைவிட்டு இறங்கும் முன்பே சரிபாருங்கள். பையில் இருக்கும் ஸ்டிக்கரில் 'நாட் இர்ரேடியேட்டட்' என்பதில் 'நாட்' கறுத்து மறைந்திருந்தால்தான் கதிர் பட்டதாக அர்த்தம். கதிர் கொடுத்த சிவப்பணுப் பையில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும், அதனால் முன்கூட்டியே வாங்கி வைக்க நினைக்காதீர்கள். பிளேட்லெட் என்றால் ஐஸ் பெட்டியே கூடாது, அறை வெப்பத்தில்தான் கொண்டுவர வேண்டும்.

அப்புறம் என் முறை வந்தது. ஐந்து நாள் ஃபில்கிராஸ்டிம் ஊசி, அதுவும் ஒரு சமிக்ஞைப் புரதம்தான், மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு இறக்கிவிடும். இடுப்பெலும்பு விண்விண்ணென்று வலித்தது, பாராசிட்டமாலில் சமாளித்தேன். என் ஸ்டெம் செல்கள் அவள் உடம்பில் பெருகியாக வேண்டும், அதனால் அவற்றைச் சேகரித்த பையில் மட்டும் 'கதிர்வீச்சு கொடுக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். ஏற்றுவதற்கு முன் அதே சிஸ்டர் அந்த வரியை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். 16ஆம் நாள் தங்கையின் நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு) 500ஐத் தாண்டியது, என் செல்கள் பிடிக்கத் தொடங்கியதன் அடையாளம் அது.