மழுங்கிய டிரில் பிட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

காட்பாடியில் எங்கள் வீட்டுப் பின்பக்கப் பட்டறையில், மழுங்கிவிட்டது என்பதற்காக எந்த டிரில் பிட்டையும் நான் தூக்கிப் போடுவதில்லை, சாணை பிடித்தால் புதுசு மாதிரியே வெட்டும். சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டின் முனைக்கோணம், அதாவது நுனியில் இரண்டு வெட்டு விளிம்புக்கும் இடைப்பட்ட கோணம், 118 டிகிரி. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேத்தில் ஊறியவர்கள் கண்ணாலேயே பிடித்துவிடுவார்கள். நமக்கு, ஒரே அளவு அறுகோண நட்டு இரண்டைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வைத்தால் போதும், நடுவில் விழும் பள்ளம் 120 டிகிரி, பிட் முனையை அதில் பொருத்திப் பார்க்கலாம், வீட்டு வேலைக்கு அது தாராளம்.

கோணத்தைவிட முக்கியம் இரண்டு வெட்டு விளிம்பும் ஒரே நீளமாக இருப்பது, ஒன்று கொஞ்சம் நீண்டாலும் துளை பெரிதாகிவிடும். அப்புறம் விளிம்புக்குப் பின்னால் 8 முதல் 12 டிகிரி சரிவு விட வேண்டும், அது இல்லாவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் பிட் இரும்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், கிறீச்சிடும், சூடாகும், வெட்டாது.

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சாணை பிடிக்கும் கிரைண்டரின் ஸ்விட்சைத் தொடவே கூடாது. சுவரில் துளை போடும் கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) முனை பிட்டுக்குக் கிரைண்டரில் சாதாரணமாக மாட்டும் சாம்பல் நிறச் சாணைக்கல் ஆகாது, பச்சை நிறக் கல்தான்.

சரி, பிடித்து முடித்ததும் ஒரு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்புப் பட்டையில் இறக்கிப் பாருங்கள், பிட்டின் இரண்டு பள்ளத்திலிருந்தும் இரும்புச் சுருள் ஒரே கனத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால், வரும் பக்கத்தைத்தான் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.