தக்காளி பேட்டரி: மீட்டர் காட்டும் வோல்ட்டை நம்பாதீங்க

விலை சரியும் நாட்களில் பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும் தக்காளியில் கரண்ட் எடுக்கலாமா? எடுக்கலாம். ஆனால் கரண்ட் தருவது தக்காளி இல்லை, அதில் குத்தும் ஆணியின் துத்தநாகம். அது கரையக் கரையத்தான் மின்சாரம். காயின் புளிப்புச் சாறு, அயனிகள் (மின்னூட்டம் உள்ள துகள்கள்) நடமாட ஒரு பாதை, அவ்வளவுதான்.

சாதா இரும்பு ஆணி போட்டால் வோல்ட் பாதிதான் வரும். துத்தநாகம் பூசிய ஆணி வேண்டும், ஜிஐ ஆணி என்று கேட்டு வாங்குங்கள். இன்னொரு முனைக்கு, வீட்டு வயரிங்கில் மிஞ்சிய காப்பர் வயர் போதும், தோலை 5 செ.மீ. உரித்து முறுக்கிக்கொள்ளலாம். மோட்டார் சுருளில் (coil) இருந்து எடுத்த கம்பி என்றால் வார்னிஷ் போக உப்புத்தாளில் தேய்க்கணும். தேய்க்காமல் குத்திவிட்டு "வேலை செய்யல" என்பவர்கள்தான் அதிகம்.

ஆணியும் வயரும் 2 செ.மீ. இடைவெளியில், உள்ளே ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். ஒரு காய்க்குச் சுமார் 0.9 வோல்ட். ஒன்றின் ஆணியை அடுத்ததன் காப்பரோடு இணைத்து நாலு காய் கோர்த்தால் மல்டிமீட்டரில் 3.5 வோல்ட் வரை காட்டும். சிவப்பு எல்இடிக்கு 1.8 போதுமே என்று மாட்டினால், மினுக்கென்று ஒரு புள்ளி! காய்க்குள் இருக்கும் தடை ஆயிரம் ஓமுக்கு மேல்கூடப் போகும். அதனால் வருவது ஒரு மில்லியாம்பியர்கூட இல்லை. நேரம் ஆக ஆகக் காப்பரில் ஹைட்ரஜன் குமிழி ஒட்டி இன்னும் மங்கும், வயரை லேசாக அசைத்தால் கொஞ்சம் தெளியும். எல்இடியின் நீளக் கால் காப்பர் பக்கம். வெள்ளை எல்இடி வேண்டாம், அதற்கே 3 வோல்ட் கேட்கும்.

உண்மையில் தக்காளி இதற்குச் சுமார்தான். கொழகொழத்து ஆணி சாய்ந்துவிடும், சாறு வழிந்து பக்கத்துக் காயைத் தொட்டால் வோல்ட் விழும். உருளைக்கிழங்கை 8 நிமிடம் வேகவைத்துப் பாருங்கள்: செல்சுவர் உடைந்து தடை வெகுவாகக் குறையும். அதைவிட மலிவு நம்ம ஊர்ப் புளி. எலுமிச்சை அளவு புளியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, அரை ஸ்பூன் கல்லுப்பு போட்டு நாலு டீ கப்பில் ஊற்றினால், ஆணியும் வயரும் நன்றாக முங்கினால் கரண்ட் கூடும்.

எல்சிடி மேசைக் கடிகாரம் ஓட்ட இரண்டு கப் போதும். முள் ஓடும் சுவர்க் கடிகாரம் ஒவ்வொரு துடிப்புக்கும் சட்டென்று இழுக்கும், பெரும்பாலும் நின்றுபோகும்.

முடிந்ததும் காயை மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடாதீங்க. துத்தநாகமும் செம்பும் அதில் இறங்கியிருக்கும்.