பாலினப் படிப்பும் எதிக்ஸ் கமிட்டியும்

பாலினம், பாலீர்ப்பு, பன்மைத்துவம் பற்றிய முதுகலைப் படிப்பில் சேர நினைப்பவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள்தான். வாசிப்பு ரொம்பக் கடினமா? படித்தால் வேலை கிடைக்குமா? ஆய்வில் பங்கேற்பவர்களுக்குக் கெடுதல் வருமா என்று பார்த்து அனுமதி தரும் குழுவான எதிக்ஸ் கமிட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்தப் படிப்பில் என்னை அதிகம் வேலை வாங்கியது அதுதான், அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதுதான். ஆட்களிடம் பேசி ஆய்வேடு எழுதுவதாக இருந்தால், முதல் நேர்காணலுக்கு முன்பே கமிட்டியின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். முன்கூட்டியே பேட்டி எடுத்துவிட்டு அப்புறம் அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்ற கதையே கிடையாது.

வகுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசிப்பு கடினம்தான், போகப் போகப் பழகிவிடும். எனக்குப் பெரிதும் உதவியவை கனமான கோட்பாடுகளை விட வழக்குகளும் தேதிகளும்தான். கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில் இனப் பாகுபாட்டையும் பால் பாகுபாட்டையும் தனித்தனியாக எடைபோட்டால் அவர்களுக்கு நேர்ந்தது கண்ணுக்கே தெரியாமல் போகிறது என்று 1989-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா காட்டினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973-இல். உலக சுகாதார நிறுவனம் அதைச் செய்ய 1990 ஆனது. திருநர் அடையாளம் அதே நிறுவனத்தின் மனநோய் அத்தியாயத்தை விட்டு வெளியே வர 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் வேலையிடத்தில் யாரிடம் தங்களைப் பற்றிச் சொல்கிறார்கள், யாரிடம் மறைக்கிறார்கள், அதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதே என் தலைப்பு. வழிகாட்டி உடனே ஒத்துக்கொண்டார். 'படிவத்தை இப்போதே எடுத்து உட்காருங்கள்' என்றும் சொன்னார். படிவத்தில் பாதி சுலபம்: நோக்கம், முறை, கால அட்டவணை. மீதிப் பாதி ஒரே கேள்வியைப் பல வடிவங்களில் கேட்கிறது. உங்கள் ஆய்வால் யாருக்கு என்ன கெடுதல் வரலாம்?

இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. லாட் ஹம்ஃப்ரீஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1960-களில் பொதுக் கழிப்பறைகளில் ஆண்களுக்கிடையே நடந்த பாலுறவைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். வந்தவர்களின் கார் எண்களை எழுதி வைத்து, அவற்றைக் கொண்டு வீட்டு முகவரிகளைக் கண்டுபிடித்தார். சுமார் ஓராண்டு கழித்து, தோற்றத்தை மாற்றிக்கொண்டு, சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வந்தவர்போல அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும், அந்த ஆண்களைப் பற்றிய பல கட்டுக்கதைகளை அந்த ஆய்வு உடைத்தது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பட்டியல் காவல்துறையின் கையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் ஆய்வுமுறை வகுப்பில் இவரைப் பற்றி நடந்த சண்டை இடைவேளையிலும் ஓயவில்லை.

என் விண்ணப்பத்துக்குக் கமிட்டியிடமிருந்து வந்த பதிலில் பெரும்பகுதி மனவருத்தத்தைப் பற்றியது. பங்கேற்பாளர் அழுதால் என்ன செய்வீர்கள், ஆலோசகரின் தொடர்பு எண் தருவீர்களா, 'பலவீனமான பிரிவினரை' எப்படிக் கையாள்வீர்கள். கேள்விகளில் தப்பில்லை. ஆனால் பத்து வருடம் ஒரே அலுவலகத்தில் தாக்குப்பிடித்த ஒருவரை, அவருடைய பாலீர்ப்பு ஒன்றை மட்டும் வைத்துப் பலவீனமானவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மேலே சொன்ன தேதிகள் இங்கேதான் கைகொடுத்தன. இவர்களை நோயாளிகளாகப் பார்த்த ஆய்வுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. இவர்களுக்கு வரும் ஆபத்து இவர்களுடைய மனதிலிருந்து வருவதைவிட, விஷயம் தெரிந்தால் மற்றவர்கள் செய்யக்கூடியதிலிருந்தே அதிகம் வருகிறது என்று பதில் எழுதினேன். அந்தச் சொல்லைக் கமிட்டி விட்டுக்கொடுத்தது. ஆலோசகர் எண்ணை விடவில்லை. சரி, அது இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆபத்து அடையாளம் வெளிப்படுவதில்தான் என்று எழுதியதால், அதற்கான ஏற்பாடுகளையும் நான்தான் காட்ட வேண்டியிருந்தது. இதில் எந்தப் புத்தகத்தையும் விட, அந்த வாழ்க்கையை வாழ்கிற நண்பர்களே நல்ல ஆசிரியர்கள். பங்கேற்பாளர்களுக்கு ஆய்வை விளக்கும் தகவல் தாளை அவர்களில் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். தாளை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஈமெயிலின் தலைப்பை மாற்று என்றார். 'குயர் ஊழியர்கள் ஆய்வு' (குயர் என்றால் தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) என்ற தலைப்பில் வரும் மெயில், அலுவலகக் கணினித் திரையின் மூலையில் அறிவிப்பாக எட்டிப் பார்த்தாலே போதும், பின்னால் நிற்பவர் படித்துவிடுவார். 'வேலையிட அனுபவங்கள்' என்று மாற்றினேன். காலண்டர் அழைப்பு, கோப்பின் பெயர் எல்லாம் அதேபோல மாறின. வீடியோ பேட்டியின் நடுவே யாராவது அறைக்குள் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஓர் ஏற்பாடு: 'அந்த ரிப்போர்ட்டை நாளைக்கு அனுப்புகிறேன்' என்று அவர் சொன்னால், நான் உடனே வேலை விஷயம் பேச ஆரம்பித்துவிட வேண்டும். இதைப் படிவத்தில் எழுதியபோது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. கமிட்டி ஒரு வார்த்தைகூட மறுத்துக் கேட்காத பகுதி இதுதான்.

கையெழுத்து விஷயத்தில் இழுபறி. ஒப்புதல் படிவத்தில் பெயரும் கையெழுத்தும் வேண்டும் என்பது வழக்கம். ஆனால் இப்படிப்பட்ட ஆய்வில், பங்கேற்பாளரின் உண்மைப் பெயர் இருக்கும் ஒரே தாள் அதுவாகவே இருக்கும். அவரைக் காக்க வந்த தாளே அவரைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் ஆய்வு விதிகளிலேயே, ஆளை ஆய்வோடு இணைக்கும் ஒரே பதிவு கையெழுத்துதான், முக்கிய ஆபத்து ரகசியம் கசிவதுதான் என்ற நிலையில், அதை வாங்காமல் விடக் கமிட்டி அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டி வாய்மொழி ஒப்புதல் கேட்டேன். பேட்டி ஒலிப்பதிவோடு சேர்க்காமல் தனிக் கோப்பில் பதிய வேண்டும், அதில் பெயர் சொல்லக் கூடாது என்ற நிபந்தனைகளோடு தந்தார்கள். ஒலிப்பதிவை இணையச் சேவைகளில் ஏற்றி எழுத்தாக்கக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. முழுவதையும் நானே கேட்டுத் தட்டினேன். ஒரு மணி நேரப் பேச்சு ஒரு நாளைத் தின்றுவிடும்.

ஒப்புதல் வந்துவிட்டால் கமிட்டியோடு கணக்கு முடிந்தது என்று நினைக்காதீர்கள். நடுவில் எதை மாற்றினாலும் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். பேட்டி கொடுத்தவர்களில் ஒருவர் தன் உண்மைப் பெயரைத்தான் போட வேண்டும் என்றார். 'இத்தனை வருஷம் மறைத்தது போதாதா? உங்கள் ஆய்விலும் மறைய வேண்டுமா?' என்று கேட்டார். என் மனம் முழுக்க அவர் பக்கம். பெயரை மறைப்பதுதான் பாதுகாப்பு என்று நாமே முடிவு செய்வது, சொல்வதா வேண்டாமா என்ற அவருடைய உரிமையைப் பறிப்பதுதானே? விண்ணப்பம் போட்டேன். கமிட்டி திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: அவருடைய பேட்டியில் வேறு யாராவது வருகிறார்களா? வருகிறார்கள். அவருடைய துணைவர் வருகிறார். பேட்டி கொடுத்த இவரை மட்டும் நம்பித் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரு சக ஊழியரும் வருகிறார். இவருடைய பெயர் தெரிந்தால் அந்த இருவரையும் கண்டுபிடிப்பது சுலபம். அவர்களோ எதற்கும் ஒப்புதல் தரவில்லை.

இதை அவரிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார், மாற்றுப் பெயரைத் தானே தேர்ந்தெடுப்பேன் என்ற நிபந்தனையோடு. தேர்ந்தெடுத்துத் தந்தது தன் மேலாளரின் பெயரை. அதையும் மாற்றச் சொல்ல வேண்டியதாயிற்று.