தோற்றவர்களும் ஊருக்குக் கிளம்பாத போட்டி

வெள்ளிக்கிழமை எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் திருச்செந்தூரில் இறங்கி, பஸ் பிடித்து ஆலந்தலை, குலசேகரன்பட்டினம் எல்லாம் தாண்டி, கடற்கரைக் கைப்பந்துப் போட்டியில் ஆட மணப்பாடு போய்ச் சேர்ந்தோம். மண்மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில் வெள்ளையாக நின்றது. கீழே மணலில் பத்துப் பையன்கள் வரிசையாகக் குனிந்தபடி ஏதோ தேடிக்கொண்டிருந்தார்கள். யாரோ மோதிரத்தைத் தொலைத்துவிட்டார் போல என்று நினைத்தோம். கிட்டப் போனபோதுதான் தெரிந்தது, சிப்பி, முள், கண்ணாடித் துண்டு பொறுக்குகிறார்கள். இரண்டு நாளும் காலையில் முதல் வேலை அதுதான். பொறுக்கி, வாரி, மட்டம் பார்த்த பிறகுதான் வலை கட்டுவார்கள்.

இந்தப் போட்டி மே மாதத்தில் நடப்பதற்குக் காரணம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடியில் விசைப்படகில் வேலை பார்க்கும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கூடமும் விடுமுறை. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் மீனுக்கும் குறை வராது. ஆளும் இருக்கிறது, மீனும் இருக்கிறது, ராத்திரி காற்றும் இருக்கிறது, அப்புறம் என்ன, போஸ்டர் அடித்து ஒட்டிவிடுகிறார்கள்: மாபெரும் மின்னொளி கடற்கரைக் கைப்பந்துப் போட்டி.

நானும் என் நண்பனும் சின்ன வயதிலிருந்து ஆறு பேர் ஆட்டம் ஆடியவர்கள், செம்மண் தரையில், சாத்தான்குளம் பக்கம். மணலில் இரண்டு பேராக ஆடுவது வேறு விளையாட்டு என்பதை முதல் பத்து பாயின்டிலேயே உணர்ந்துகொண்டோம். ஆடுகளம் என்னவோ சின்னதுதான், 18க்கு 9 மீட்டருக்குப் பதில் 16க்கு 8. ஆனால் அதை இரண்டே பேர் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் எம்பினால் எவ்வளவு உயரம் போவோமோ அதில் பாதி இங்கே மணலுக்குள் போய்விடுகிறது, வலை மட்டும் அதே 2.43 மீட்டர். பந்திலும் காற்று குறைவு, உள்ளரங்கப் பந்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் கடல் காற்று அடித்தால் தூக்கிப் போட்ட பந்து இரண்டடி தள்ளிப் போய் இறங்கும். விரல் நுனியால் மெல்லத் தட்டி வலைக்கு அந்தப் பக்கம் போடுகிற பிளேசிங் என் நண்பனுடைய ஆயுதம். இங்கே அதற்கு அனுமதி கிடையாது, மடக்கிய விரல் கணுவாலோ உள்ளங்கை அடியாலோதான் தட்ட வேண்டும். மூன்று முறை விசில். முதல் ஆட்டம் 21–12, 21–15 என்று போனது.

ஏழு பாயின்டுக்கு ஒரு முறை பக்கம் மாறுகிற விதி எனக்கு மிகவும் பிடித்தது. காற்றும் வெயிலும் ஒரே அணிக்குச் சாதகமாகிவிடக் கூடாது என்பதற்காக. இரண்டாவது ஆட்டத்தில் கடைசி நேரம் வலை ஓரமாகக் கிழிந்துவிட்டது, பிளாக்குக்கு எம்பிய நான் சமநிலை தவறி அதைப் பிடித்துவிட்டேன். உடனே கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், மடியிலிருந்து வலை ஊசியும் நைலான் நூலும் எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணுக்குக் கண் அளவு மாறாமல், பேசிக்கொண்டே, ஐந்து நிமிஷத்தில் முடிச்சுப் போட்டு முடித்துவிட்டார். நூலை வாயால் கடித்து அறுத்தபோது மொத்தக் கடற்கரையும் கை தட்டியது. அந்த இரண்டு நாளில் எந்த ஸ்மாஷுக்கும் அவ்வளவு கைதட்டல் விழவில்லை.

சரி, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு தோல்வியோடு நாங்கள் வெளியே. பையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் போய் அறை எடுக்கலாம் என்று நடந்தோம். பந்தல் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“எங்க தம்பி கிளம்பிட்டீங்க?”

“தோத்துட்டோம்க்கா, அதான்...”

“தோத்தவங்க சாப்பிடக் கூடாதுன்னு எவன் சொன்னான்? பைய அங்கன வைங்க.”

வைத்தோம். இந்தப் போட்டியைப் பற்றி நான் எழுத வந்ததே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். எத்தனையோ போட்டிக்குப் போயிருக்கிறேன். தோற்றால் நுழைவுக் கட்டணத்தோடு கணக்கு முடிந்தது, தண்ணீர் கேட்டால்கூட அடுத்த அணியைத்தான் பார்ப்பார்கள். இங்கே வந்த இருபத்திரண்டு அணியில் ஒன்றுகூட ஞாயிறு ராத்திரி வரை கிளம்பவில்லை. தோற்ற அணிக்கெல்லாம் வேலை கொடுத்துவிடுகிறார்கள். ஒரு ஜோடி கோட்டில் நின்று பந்து உள்ளேயா வெளியேயா பார்க்க வேண்டும், ஒரு ஜோடி ஸ்கோர் மாற்ற வேண்டும், எங்களுக்கு வெங்காயம். கிட்டத்தட்ட பத்துக் கிலோ சின்ன வெங்காயம் உரித்தோம், மைக்கில் வர்ணனை கேட்டுக்கொண்டே. ஒன்பது மணிக்குள் எங்களோடு உட்கார்ந்து உரித்தவர்களில் ஐந்து பேர் பெயர் தெரியும், எந்த ஊர், என்ன வேலை, யாருக்கு எப்போது கல்யாணம் என்பது வரை தெரியும்.

ராத்திரி ஆட்டம் முடிந்ததும் விளக்கில் பாதியை அணைத்துவிட்டு, காவோலையைக் குவித்துக் கொளுத்தி, ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தார்கள். ஆடினோம். காலில் சுளுக்கு இருந்தவனும் ஆடினான், நடுவராக இருந்த பி.டி. மாஸ்டரும் விசிலைக் கழுத்தில் போட்டபடியே ஆடினார். மணலில் ஆடினால் குதிகால் வலிக்காது, அதனால் யாரும் நிறுத்தவில்லை. நடுவில் சுடச்சுட சோறு, தேங்காய் அரைத்து ஊற்றிய மீன் குழம்பு, பொரித்த நெத்திலி. கைகழுவக் கடல்.

குடி கிடையாது. இதைச் சொன்னால் அப்புறம் என்ன கொண்டாட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம் நேரடியானது: வெறுங்காலோடு ஓடும் மணலில் பாட்டில் வரக் கூடாது. என் இடது பாதத்தில் நாலு தையல் தழும்பு இருக்கிறது, வேறொரு ஊர்ப் போட்டியில் முந்தைய ராத்திரி யாரோ உடைத்துப் புதைத்த பாட்டிலால் வந்தது, அதனால் எட்டு மாதம் ஆட முடியவில்லை. காலையில் குனிந்து பொறுக்கிய பையன்களைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஆட்டம் ஓய்ந்த பிறகு பாதிப் பேர் வள்ளத்தில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். மீதிப் பேர் குலசேகரன்பட்டினத்தில் வரும் ராக்கெட் ஏவுதளம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஏவுகிற நாளில் கடலுக்குப் போக முடியுமா, எத்தனை நாள் நிறுத்துவார்கள் என்பது அவர்கள் கவலை. அது அவர்கள் சோறு, நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகுதான் ஆட்டம். வெயில் ஏறும்வரை கால் இறுதி, பதினொரு மணிக்கு நிறுத்தம், ஏனென்றால் அதற்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. பனை ஓலைப் பட்டையில் பதநீர், அதில் நுங்கு. நாலு மணிக்கு வலையை 19 சென்டிமீட்டர் இறக்கி 2.24க்குக் கட்டினார்கள், கல்லூரிப் பெண்கள் நாலு பேர் ஆடினார்கள். வலது பக்கம் ஆடிய பெண் மணலில் முழுசாகப் பாய்ந்து ஒரே கையால் எடுத்த ஒரு பந்து இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பாட்டி எழுந்து “எம்மோவ்!” என்று கத்தினார்.

இறுதி ஆட்டம் தொடங்குமுன் ஏலம். நாட்டுப்படகுக்காரர் ஒருவர் எட்டுக் கிலோ சீலா மீன் ஒன்றைக் கொடுத்திருந்தார், சென்னையில் வஞ்சிரம் என்போமே அதுதான். அதை ஏலம் விட்டு வரும் பணம் அடுத்த வருஷத்து வலைக்கும் பந்துக்கும். கரையில் தினமும் மீன் ஏலம் விடுகிறவரே மைக் பிடித்தார், அந்த வேகமும் தாளமும் எந்த வர்ணனையாளருக்கும் வராது. நாலாயிரத்தில் ஆரம்பித்தது. ஆறு, ஏழு, எட்டரை. தோற்ற அணிகள் நாங்கள் ஒன்பது பேர் கூடிப் பேசி, ஜி-பேயில் காசு சேர்த்து, பதினோராயிரத்துக்கு எடுத்தோம். எடுத்த கையோடு அந்த அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, “நல்ல மீனு” என்றார்.

இறுதி ஆட்டம் மூன்று செட். கோப்பையை வென்றது உள்ளூர் ஜோடி, இருவரும் விசைப்படகில் வேலை பார்ப்பவர்கள். மூன்றாவது செட் 15–13. கடைசிப் பந்தை ஓங்கி அடிக்கவில்லை, காற்று வரும் பக்கம் பார்த்து உயரத் தூக்கிப் போட்டான், அது எல்லோருடைய தலைக்கும் மேலே போய், வெளியே போகிறது என்று எல்லோரும் நினைத்தபோது காற்றில் திரும்பி மூலையில் விழுந்தது. கோட்டில் நின்று உள்ளே என்று கை காட்டியவன் என் நண்பன்.

செந்தூர் எக்ஸ்பிரஸ் எப்போதோ போய்விட்டது. திங்கட்கிழமை லீவு என்று அலுவலகத்துக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு, சீலா மீன் குழம்புக்கு இலை போட்ட இடத்தில் போய் உட்கார்ந்தோம். இப்போது வாரம் மூன்று நாள் காலை ஐந்தரைக்குப் பெசன்ட் நகர் மணலில் ஓடுகிறோம். அடுத்த மே மாதத்துக்கு எங்கள் ஜோடியின் பெயரை அன்று ராத்திரியே கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.