“கடிச்ச பிறகு வாங்க”

வெள்ளத்தில் சிக்கிய விலங்குகளை மீட்கும் குழுவில் பெயர் கொடுத்து, பயிற்சியையும் முடித்தாயிற்று. அதெல்லாம் சுலபம். இழுத்தடித்தது ரேபிஸ் ஊசிதான்.

ஊசி அறையில் இருந்தவர் தலை நிமிராமலே கேட்டார், “எங்க கடிச்சுது?”

“இன்னும் கடிக்கலைங்க.”

“அப்போ கடிச்ச பிறகு வாங்க.”

வரிசையில் பின்னால் சிரிப்பு வேறு. முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ஊசி என்று விளக்கியதும் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ‘கடித்த தேதி’ என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் சீட்டு தர முடியாதாம்! பொய்த் தேதி சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லிவிடாதீர்கள், கடிபட்டவர்களுக்கான அட்டவணையே வேறு.

குழு ஏன் இதில் இவ்வளவு கறார் என்றால், முன்பே ஊசி போட்டவருக்குக் கடிபட்டாலும் இம்யூனோகுளோபுலின் (காயத்தைச் சுற்றிப் போடும் ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி) தேவைப்படாது. காயத்தை உடனே 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, பூஸ்டர் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வெள்ளம் புகுந்த ஊரில் இம்யூனோகுளோபுலினுக்கு எங்கே போய் அலைவது?

கடைசியில் மருத்துவரையே நேரில் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தின் குறுக்கே ‘முன்தடுப்பு’ என்று எழுதினார். ஊசி அறைக்காரர் அதன்பிறகு வாய் திறக்கவில்லை. எனக்கு அது போதும்.

ஆனால் கதை முடியவில்லை. சான்றிதழில் ஊசி மருந்தின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இல்லை என்று குழு அதைத் திருப்பி அனுப்பியது. ஊசி போட்ட அன்றே தேதி, தொகுதி எண், கையெழுத்து மூன்றையும் பார்த்து வாங்குங்கள். முதல் ஊசிக்கும் அடுத்ததற்கும் ஏழு நாள் இடைவெளி வேண்டும் என்பதால், புயல் எச்சரிக்கை வந்தபின் ஓடிப் பயனில்லை. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்சிசைக்ளின் மாத்திரை தேவையா என்றும் அதே மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.

மீட்புக்கு எடுத்துப்போகும் பை விஷயத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: மூன்று நாளுக்கு யாரையும் எதிர்பார்க்காத அளவு தண்ணீர், உணவு, உங்கள் வழக்கமான மருந்து. அப்புறம், தாடிக்காரர்கள் கவனிக்க: என்-95 முகக்கவசம் தாடிமேல் ஒட்டி உட்காராது. மழித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றதும் ஒருவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் நாய் இருந்தால், திரும்பி வந்ததும் பூட்ஸை வாசலுக்கு வெளியிலேயே கழற்றி, பிளீச்சிங் கரைசலில் கழுவுங்கள். நாய்களைத் தாக்கும் பார்வோ கிருமி சாதாரண சோப்புக்கு அசையாது.